சார்ஜ் மூடிக்குள் நான் வைத்த மஞ்சள்

அப்புனு,

உன்னை நான் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார் பையன் பெயர் என்ன என்று கேட்டதற்கும் அப்புனு என்றுதான் என் வாயில் வந்தது. உங்கப்பாதான் சிரித்துக்கொண்டே சரியான பெயரைச் சொன்னார். இப்போது வக்கீல் கொண்டுவருகிற காகிதங்களில் எல்லாம் உன் முழுப் பெயர் இருக்கிறது. அதற்கு முன்னால் காலஞ்சென்ற என்றும் இருக்கிறது. நீ போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் வேறு யாரைப் பற்றியோ எழுதியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள், எழுத்து மெதுவாகத்தான் வரும். எழுதி முடித்ததும் இதைக் கலைவாணியிடம் கொடுத்துவிடுவேன். உன் பெண்டாட்டி இதை யாருக்குக் காட்டினாலும் காட்டட்டும். ஊரே படித்தாலும் சரி, நான் இனி மறைப்பதாக இல்லை.

வரும் புதன்கிழமை நான் நாமக்கல்லுக்குப் போய் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். உன் கார் விஷயமாக நுகர்வோர் கோர்ட்டில் நீ போட்ட கேஸை இப்போது கலையும் நானும் நடத்துகிறோம். வக்கீல் அந்தக் காகிதத்தை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். காருக்குச் சார்ஜ் ஏற்றுகிற இடத்தில் எங்கள் வீட்டில் யாரும் கை வைக்கவில்லை, எந்தப் பொருளையும் வைக்கவில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. நீ கேஸ் போடும்போது எழுதிக் கொடுத்ததும் அதேதான். கண் மங்கலாக இருக்கிறது, புதன்கிழமை போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கண் ஒரு சாக்குத்தான் சாமி. அந்தக் காகிதத்தில் இருப்பது பொய். அந்த இடத்தில் கை வைத்தவள் நான்தான்.

அந்தக் காரை நீ ஏன் வாங்கினாய் என்று எனக்குத் தெரியும். ஊரில் சிலர் பெருமைக்கு வாங்கினான் என்றார்கள். உங்கப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டி, நாக்பூர் ரோட்டுப் புகையெல்லாம் குடித்து, கடைசி இரண்டு வருஷம் கட்டிலில் உட்கார்ந்தபடியே இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார். அவர் முதுகைத் தடவிக்கொண்டு கிடந்தவன் நீ. தீவன ஏஜென்சி கொஞ்சம் நிமிர்ந்து, கோழிப்பண்ணை கோழிப்பண்ணையாக அலைய உனக்கு ஒரு கார் வேண்டும் என்று வந்தபோது, நம்ம ஊட்டுக்கு இனிப் புகை போடற வண்டியே வேண்டாம்மா என்றாய். விலையைச் சொன்னபோது, அந்தக் காசுக்குப் பழைய லாரியே வாங்கலாமே என்று நினைத்தேன். ஆனாலும் சரி என்றேன். கார் வந்த அன்றைக்கு அடுப்படியில் நின்றுகொண்டு, வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடலாம் என்று காதைத் தீட்டி வைத்திருந்தேன். லாரிக்காரன் பெண்டாட்டிக்கு அதுதானே பழக்கம். நீ சத்தமே இல்லாமல் கேட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தி, அம்மா, அம்மா என்று கூப்பிட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மழைக்கு முந்தின வானம் மாதிரி ஒரு சாம்பல் நிறம். அதன் முகத்தில் என் முகம் தெரிந்தது.

பூசைத் தட்டோடு நான் வாசலுக்கு வந்தேன். உன் பெரியம்மா தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, மெதுவாக என் காதில், "நீ கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லு கண்ணு. மொத மொதல்ல வந்து நிக்கற வண்டி" என்றாள். எங்கள் அக்கா கெட்டவள் இல்லை. புருஷன் இல்லாதவள் கை படக்கூடாது என்று நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம். உங்கப்பா சொந்த லாரி எடுத்தபோது, ஆசையாக ஓடிவந்த பக்கத்து வீட்டு ராஜம்மாவை இதே மாதிரி நானே தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்த அம்மாள் முகம் போன போக்கை நான் பார்த்தேன், பார்த்தும் அப்புறம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் அக்கா சொன்னதும் தண்ணித் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். நீ டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து, அம்மா எங்க என்று கேட்டாய். உள்ள பாயசம் பாக்கறா, நீ வண்டிய எடு சாமி என்று அக்கா சொன்னாள். நீ எடுத்தாய். நான்கு பழமும் நசுங்கின சத்தம் எனக்குத் தொட்டிப் பக்கம் வரைக்கும் கேட்டது.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு நான் வெளியே வந்தேன். இத்தனை காலமும் நம் வீட்டுக்கு வந்த வண்டிக்கெல்லாம் முதல் பொட்டு வைத்தது நான்தான். லாரிக்கு முன்னால் கண்ணாடிக்குக் கீழே வைப்பேன், ஸ்டியரிங்கில் வைப்பேன், கடைசியாக டீசல் டேங்க் மூடியில் வைப்பேன். அது குடிக்கிற வாய் அது, அது காயாமல் இருந்தால்தான் நம் வீட்டு அடுப்பு காயாமல் இருக்கும் என்பேன், உங்கப்பா சிரிப்பார். உன் காருக்கு டேங்க் இல்லை. நீ பக்கவாட்டில் ஒரு மூடியை அமுக்கித் திறந்து, இங்கதாம்மா கரண்ட் குடுக்கணும் என்று காலையில் காட்டியிருந்தாய். வெளியில் வைத்தால் அக்கா பார்ப்பாள். மூடிக்கு உள்ளே வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, மூடியின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து நடுவில் குங்குமம் வைத்தேன். அதோடு நின்றிருக்கலாம். வாயில் வைத்தால்தானே வைத்த மாதிரி என்று, அந்த உருண்டை உருண்டைக் குழிகளிலும் விரலால் தொட்டுத் தொட்டு வைத்தேன். என் பிள்ளையை எங்கே கொண்டுபோனாலும் பத்திரமாகக் கொண்டுவந்து விடு என்று அந்தக் காரிடம் சொன்னேன். மூடியை அழுத்திச் சாத்திவிட்டு வந்து உனக்கு ரசம் ஊற்றினேன்.

மூன்று வாரம் நன்றாக ஓடியது. நீ ராத்திரி வந்து இருட்டில்தான் சார்ஜ் போடுவாய், பொட்டு உன் கண்ணில் படவில்லை என்றே நினைத்தேன். அப்புறம் ஒரு காலையில் நீ எழுந்து போய்ப் பார்த்தால் சார்ஜ் ஏறவே இல்லை, உள்ளே சிவப்பு எழுத்தாக வருகிறது என்றாய். சேலத்திலிருந்து ஆள் வந்தார்கள், சாப்ட்வேர் என்றார்கள். பத்து நாள் கழித்துக் கதவு திறக்கவில்லை, அதற்கும் சாப்ட்வேர். சித்திரை வெயிலில் ஏசி நின்றது, அதுவும் சாப்ட்வேர். ஆண்டகளூர் கேட் பக்கத்தில் நடு ரோட்டில் அப்படியே நின்றுவிட்டபோது, பின்னால் வந்த லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்து, தம்பி பேட்டரி தீந்துபோச்சா, கடையில ரெண்டு செல்லு வாங்கியாரட்டுங்களா என்று கேட்டாராம். அதை வீட்டில் வந்து நீயே சொல்லிச் சிரித்தாய், கலையும் சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. காரைத் தூக்கிக்கொண்டு போகிற வண்டிக்காரர் நமக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். வந்தால் டீ குடிக்காமல் போக மாட்டார். ஒரு தடவை அவர், "ஏனுங்கம்மா, இந்தக் காரு உங்க ஊட்ல நின்னதக் காட்டிலும் என்ற வண்டி மேல நின்னதுதான் சாஸ்தி" என்றார். அப்ப ஆர்சி புக்குல உங்க பேரையும் சேத்தரலாங்கண்ணா என்று நீ சொன்னாய். ஐந்தாவது தடவையா ஆறாவது தடவையா அது, எனக்கு நினைவில்லை. அதற்கப்புறம் நீ சிரிக்கிற மாதிரிப் பேசுவது குறைந்துபோனது. பண்ணைக்காரர்கள் கேட்கும்போது வண்டி சர்வீசுக்கு விட்டிருக்கிறது என்று பொய் சொல்ல ஆரம்பித்தாய். போனில் அந்தக் கம்பெனிக்காரர்களோடு பேசும்போது உன் கழுத்து நரம்பு புடைப்பதை நான் அடுப்படியிலிருந்து பார்ப்பேன். கோபப்படாதே சாமி, உடம்புக்கு ஆகாது என்று சொல்வேன். அந்தக் கோபத்துக்குக் காரணம் நானாக இருக்கலாம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

முதல் தடவை சார்ஜ் ஏறாமல் போனபோதே அது என் மஞ்சளால்தான் என்று நினைத்தேன். நீ குளிக்கப் போன நேரத்தில் ஓடிப்போய் மூடியைத் திறந்து, ஈரத்துணியைத் தீக்குச்சியில் சுற்றி அந்தக் குழிகளைத் துடைத்தேன். கரண்ட் இருக்கிற இடம் என்ற புத்திகூட எனக்கு இல்லை. மஞ்சள் போனதும் போகாததுமாக, துணி நூல் உள்ளே மாட்டிக்கொண்டது. மூடியில் இருந்த பொட்டைத் துடைக்க மட்டும் எனக்குக் கை வரவில்லை. வைத்த பொட்டை நானே அழித்தால் உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் நீ திட்டியிருப்பாய், அவ்வளவுதான். ஆனால் அக்காவுக்குத் தெரிந்துவிடும். தள்ளி நில்லுன்னேன், கேக்காம ஒளிச்சு வெச்சு கெடுத்துட்டா என்பாள். தாலி இல்லாத கை பட்டதால்தான் அந்த வண்டி இப்படி ஆனது என்று நாலு பேர் சொல்வார்கள். அதையும்விட, அது உண்மையாக இருக்குமோ என்று நானே நினைத்தேன். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. இதைப் படிக்கிற பிள்ளைகள் யாராவது இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்குப் புது வண்டி வரும்போது உங்கள் அம்மா எங்கே நிற்கிறாள் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அவளை முன்னால் வந்து வைக்கச் சொல்லுங்கள். முன்னால் வைக்க விட்டால் அவள் ஒளிந்து வைக்க மாட்டாள்.

ஆயுத பூசை சமயத்தில் கார் சேலம் ஒர்க்‌ஷாப்பில்தான் கிடந்தது. தீபாவளி முடிந்து என் கண்ணைக் காட்டச் சேலத்துக்குக் கூட்டிப்போன நீ, வழியில் அந்த ஷோரூமுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். கண்ணாடி அறை. பேப்பர் கப்பில் காப்பி கொடுத்தார்கள். மேனேஜர் உன்னைவிடச் சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினார். சார்ஜ் போடுகிற இடத்தில் பூசைப் பொருள் மாதிரி என்னவோ படிந்திருக்கிறது, போட்டோ அனுப்பியிருந்தோமே சார், இது வாடிக்கையாளர் பக்கத் தவறு, இதற்கு வாரண்டியில் செய்ய முடியாது என்றார். நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். நீ எழுந்து நின்றுவிட்டாய். ஆயுத பூசைக்கு உங்க ஒர்க்‌ஷாப்பிலதான் எல்லா வண்டிக்கும் பொட்டு வெச்சீங்க, உங்க ஆளுதான் வெச்சிருப்பாரு என்றாய். அவர் ஒரு மெக்கானிக்கை உள்ளே கூப்பிட்டார். நரைத்த தலை, கையெல்லாம் கருப்பு. எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். நான் முன்னாடி கண்ணாடியில மட்டுந்தான் வெச்சனுங்க சார் என்று அந்த மனுஷன் சொன்னார். யாரும் அவரை நம்பின மாதிரித் தெரியவில்லை. அப்போது நீ வலது கையை உன் தலையில் வைத்துக்கொண்டு, "எங்க ஊட்ல யாரும் அதுல கைய வெக்கலீங்க. என்ற தல மேல சத்தியம்" என்றாய். சின்ன வயதிலிருந்து நீ எதற்கெடுத்தாலும் அம்மா மேல சத்தியம் என்பவன். வாயில் வெல்லத்தை வைத்துக்கொண்டே, அம்மா மேல சத்தியமா நான் திங்கல என்பாய். இப்படியே சத்தியம் பண்ணிப் பண்ணி என்னைச் சுடுகாட்டுக்கு அனுப்பிருவ போல என்று நான் அடிக்க வருவேன். அன்றைக்கு நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீ உன் தலையில் கை வைத்தாய். நான் அப்போதும் பேசவில்லை. ஒரு தாய் அங்கே எழுந்திருக்க வேண்டும் சாமி. நான் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரமே நீ வக்கீலைப் பார்த்துக் கேஸ் போட்டாய். அதில் அந்த மெக்கானிக் பெயரும் ஏறிவிட்டது. அதற்கு மூன்று வாரம் கழித்து, ஒர்க்‌ஷாப்பில் ஏதோ காகிதம் வாங்க வேண்டும் என்று காலையில் சேலம் பஸ் ஏறினாய். வாரேன்மா என்றாய். மல்லூர் தாண்டும்போது உனக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. பஸ்காரர்கள் நல்லவர்கள். எங்கேயும் நிறுத்தாமல் ஆட்களோடு அப்படியே ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓட்டிப் போயிருக்கிறார்கள். கண்டக்டர் உன் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டு, அம்மா, நீங்க இவருக்கு யாருங்க என்று கேட்டார். அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் வரவில்லை. டாக்டர் ரொம்பப் பொறுமையாகச் சொன்னார். அடைப்பு வருஷக் கணக்காக இருந்திருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை, யார் மேலும் தப்பு இல்லை என்றார். படித்தவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் உன்னைக் கிடத்தியிருந்தபோது வந்தவர்கள் எல்லாம், அந்தக் கார் வந்த நேரம் சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள். அக்கா மாரில் அடித்துக்கொண்டு, நாந்தானே பொட்டு வெச்சேன், என்ற கைதான் ஆகாத கையோ என்று அழுதாள். அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். அவளுக்கும் நான் சொல்லவில்லை.

கார் இப்போது நம் வாசலில்தான் நிற்கிறது. சேலத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்று அந்த வண்டிக்காரரே கொண்டுவந்து இறக்கினார். அன்றைக்கு அவர் டீ குடிக்கவில்லை. கதவு திறப்பதில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் உன் செருப்பும், பாதி குடித்த தண்ணீர் பாட்டிலும் தெரிகின்றன. கோர்ட்டிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். காருக்கு உள்ளே சார்ஜை வாங்குகிற ஒரு பெட்டி தயாரிப்பிலேயே பழுது, இதே மாதிரி வேறு கார்களிலும் இருக்கிறது, பூசைப் பொருளால் இவ்வளவும் ஆகியிருக்க முடியாது என்று அதில் இருப்பதாக வக்கீல் சொன்னார். முதல் தடவை சார்ஜ் ஏறாதது என் மஞ்சளால் இருக்குமா என்று கேட்க எனக்கு நாக்கு வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. என் கையால் கார் கெடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவர்கள் உன்னைப் பொய்யன் என்று சொல்ல என் கைதானே காரணம் எடுத்துக் கொடுத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கலையிடம் சொல்லிவிட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கீரையைத் தள்ளி வைத்தாள். திட்டுவாள் என்று இருந்தேன், திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய் உன் போனை எடுத்துவந்து ஒரு படத்தைக் காட்டினாள். அந்த மூடியின் உள்பக்கம். மஞ்சள் பொட்டு, நடுவில் குங்குமம் கொஞ்சம் கரைந்து இருந்தது. என் மோதிர விரல் நுனி லாரிக் கதவில் மாட்டி நசுங்கினதால் நான் வைக்கிற பொட்டு ஒரு பக்கம் தேய்ந்துதான் விழும். உனக்கு நெற்றியில் வைத்துவிடும்போது, பாதி நெலாதாம்மா வந்திருக்கு என்பாயே, அதே பொட்டு. ஊரில் வேறு யார் கைக்கும் அப்படி வராது. "நீங்க ரெண்டு பேரும் சேலம் போறதுக்கு நாலு நாளு முன்னாடியே ஒர்க்‌ஷாப்புல இருந்து இது வந்துருச்சுங்க அத்தை" என்றாள் கலை. அவன் ஒண்ணுஞ் சொல்லலையா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அப்புறம் அவளே, சொல்லிருங்க அத்தை, அந்த மெக்கானிக்கும் ஒரு ஊட்டுக்குப் பெரியவருதானே என்றாள். நீ பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தவள், உன்னைவிட ஒரு படி மேல்தான்.

வக்கீலிடம் அன்றைக்கே போன் போட்டுச் சொன்னோம். அவருக்குப் பிடிக்கவில்லை. நாமே அவர்கள் கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும், கேஸ் தோற்றாலும் தோற்கும் என்றார். தோற்றால் தோற்கட்டும் என்று கலை சொன்னாள். முதல் காகிதத்துக்குப் பதிலாக, புதன்கிழமை நான் கையெழுத்துப் போட வேண்டாவெறுப்பாக வேறு ஒரு காகிதம் எழுதி அனுப்பியிருக்கிறார். மஞ்சளும் குங்குமமும் வைத்தது நான், மெக்கானிக் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று இருக்கிறது. அதில் எனக்குத் தடை இல்லை. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருக்கிறது. நான் இப்படிச் செய்தது என் மகனுக்குத் தெரியாது, தெரியாமல்தான் அவர் அப்படி எழுதிக் கொடுத்தார் என்று இருக்கிறது. உன் பேர் கெடாமல் இருக்க அந்த வரி வேண்டும் என்கிறார் வக்கீல். எனக்கும் வேண்டும்தான். ஆனால் இனி உண்மையைத் தவிர எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று இருக்கிறவள், எனக்கே தெரியாத ஒன்றில் எப்படிப் போடுவேன்? அந்த வரிக்கு மேலேயே மூன்று நாளாக என் விரல் நிற்கிறது. தெரியாமல் சொன்னாய் என்றால், உன்னை அப்படிச் சொல்ல விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவள் நான். தெரிந்தே சொன்னாய் என்றால், எனக்காகச் சொன்னாய், என் மேல் வந்து விழக்கூடாது என்று சொன்னாய். இரண்டில் எது என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அந்தப் படத்தில் இருந்தது அம்மா விரல்தான் என்று தெரிந்துதான் கையைக் கொண்டுபோய் உன் தலையில் வைத்தாயா, சாமி?